பிளாக்செயின் எது, பகிர்வுப் பேரேடு எது: செய்திகளில் விடுபடும் விவரங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசின் மின்னாளுமைத் திட்டங்களையும் வங்கிகளின் புதிய சேவைகளையும் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளில், ‘பிளாக்செயின் தொழில்நுட்பத்தில் பதியப்படுவதால் இதை யாராலும் திருத்த முடியாது’ என்ற வாக்கியம் ஏறக்குறைய ஒரு வாய்பாடாகவே இடம்பெற்று வருகிறது. இந்த வாக்கியம் சில கட்டமைப்புகளுக்கு முழுவதும் பொருந்தும். சிலவற்றுக்குப் பாதி பொருந்தும். சிலவற்றுக்குச் சற்றும் பொருந்தாது. எதற்கு எவ்வளவு பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கும் விவரங்கள் அந்தச் செய்திகளில் இருப்பதில்லை. வங்கி ஒன்றின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு இது சிறு குறையாகத் தோன்றவில்லை. 2025 நவம்பரில், பீகார் மாநிலத்தின் பதிவு விதிகள் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நிலப் பதிவு முறையைச் சீரமைக்கப் பிளாக்செயினைப் பயன்படுத்தும் வாய்ப்பை ஆராயுமாறு சட்ட ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. தமிழ்நாடு அரசு 2020ஆம் ஆண்டிலேயே பிளாக்செயினுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. மின்னாளுமை முகமை ‘நம்பிக்கை இணையம்’ என்ற பெயரில் அதற்கான அடிப்படைக் கட்டமைப்பையும் உருவாக்கியிருக்கிறது. ஒரு குடும்பத்தின் வீட்டுப் பத்திரம் வரை இந்தத் தொழில்நுட்பம் வரப்போகும் நிலையில், அதன் வகைகளைச் சற்று விரிவாகவே பிரித்துச் சொல்ல வேண்டும் என்று கருதி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ., 2020இல் வெளியிட்ட 22739 என்ற எண்ணுள்ள கலைச்சொல் தரத்தில் பிளாக்செயின், பகிர்வுப் பேரேடு ஆகிய இரண்டையும் தனித்தனியே வரையறுத்திருக்கிறது. பல கணினிகளிடையே பகிரப்பட்டு, ஒருமிப்பு முறை (எந்தப் பதிவு சரி என்பதில் எல்லாரும் உடன்படும் விதி) ஒன்றின் வழியே எல்லாப் படிகளும் ஒத்திருக்குமாறு பேணப்படும் பேரேடு, பகிர்வுப் பேரேடு. அந்தப் பகிர்வுப் பேரேட்டில், உறுதிசெய்யப்பட்ட பதிவுகள் தொகுதி தொகுதியாகக் கட்டப்பட்டு, ஒவ்வொரு தொகுதியும் முந்தையதோடு மறையீட்டுக் கணிதத்தால் பிணைக்கப்பட்டு, பின்னால் சேர்க்க மட்டுமே இயலும் வரிசையாக அமைந்திருந்தால் அது பிளாக்செயின். ஆகவே பிளாக்செயின் ஒவ்வொன்றும் பகிர்வுப் பேரேடே. பகிர்வுப் பேரேடு ஒவ்வொன்றும் பிளாக்செயினாக இருக்க வேண்டியதில்லை. வரையறை இவ்வளவு தெளிவாக இருந்தும் குழப்பம் நீடிப்பதற்குக் காரணம், பிளாக்செயினின் தனிச்சிறப்பு என்று மக்கள் நம்பும் பண்புகள் வரையறையில் உள்ள ‘தொகுதி’யிலிருந்தோ ‘பிணைப்பி’லிருந்தோ மட்டும் பிறப்பவை அல்ல என்பதே.

முதலில் ‘பகிர்வு’ என்பதைப் பார்ப்போம். ஒரு தரவுத்தளத்துக்குப் பல படிகள் இருப்பது புதிதல்ல. ஒவ்வொரு வங்கியும் தன் கணக்குகளை ஒரு நகரத்தின் தரவு மையத்திலும், பேரிடர்க் காலத்துக்காக வேறொரு நகரத்தின் மாற்று மையத்திலும் நொடிக்கு நொடி ஒத்துப்போகுமாறு வைத்திருக்கிறது. படிகள் பல என்றாலும் உரிமையாளர் ஒருவரே. அவர் ஓரிடத்தில் திருத்தினால் மற்ற இடங்களும் பணிவோடு திருந்திவிடும். பகிர்வுப் பேரேடு என்று சொல்லத் தக்கதில் படிகளை வைத்திருப்போர் வெவ்வேறு நிறுவனத்தினர். ஒருவரையொருவர் முழுமையாக நம்ப வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள். அடுத்து வரும் பதிவு எது என்பதில் அவர்களை ஒருமைப்படுத்த ஒரு விதி தேவைப்படுகிறது. அந்த விதியைக் கண்டறியும் சிக்கல், பிளாக்செயினைப் பிரபலமாக்கிய பிட்காயின் என்ற மின் நாணயத்தைவிடப் பழையது. லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் ஆகிய மூவர் 1982இல் ‘பைசாந்தியத் தளபதிகள்’ என்ற பெயரில் அதைக் கணிதமாக வகுத்தார்கள். கையொப்பம் இடப்படாத செய்திகளை மட்டும் நம்பியிருக்கும் நிலையில், பொய்யர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால்தான் மெய்யர்கள் ஒரு முடிவில் ஒன்றுபட முடியும் என்று நிறுவினார்கள். மிகெல் காஸ்ட்ரோவும் பார்பரா லிஸ்கோவும் 1999இல் அதை நடைமுறைக்கு உகந்த வேகத்தில் செய்துகாட்டினார்கள். ஆக, ஒருவரையொருவர் அறிந்த சிலர் கூடி ஒரு பேரேட்டைப் பேணுவதற்கான வழி, பிளாக்செயின் என்று எதுவும் வருவதற்கு முன்பே இருந்தது.

அடுத்தது சங்கிலிப் பிணைப்பு. கையால் கணக்கெழுதிய காலத்தில் நாளேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடித்தொகையையும் அடுத்த பக்கத்தின் தலையில் எடுத்தெழுதுவார்கள். நடுவில் ஒரு பக்கத்தில் எவரேனும் ஓர் எண்ணை அழித்து எழுதினால், அதற்குப் பின்வரும் பக்கங்கள் எல்லாம் ஒத்துவராமல் போய் அந்தத் திருத்தத்தைக் காட்டிக்கொடுக்கும். தொகைக்குப் பதிலாக, பக்கத்தின் எல்லா எழுத்துகளிலிருந்தும் கணக்கிட்டு எடுக்கும் ‘ஹாஷ்’ என்ற எண்ணை அடுத்த பக்கத்தில் எழுதினால் அதுவே ஹாஷ் சங்கிலி. ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அந்த எண் முழுவதுமாக மாறிவிடும். அதே எண் வருமாறு வேறொரு பக்கத்தை உருவாக்குவது நடைமுறையில் இயலாது. ஸ்டுவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா ஆகிய இருவரும் மின்னாவணங்களுக்குக் காலமுத்திரை இடுவதற்காக 1991இல் இந்த முறையை வெளியிட்டார்கள். பிட்காயினை அறிமுகப்படுத்திய கட்டுரை மேற்கோள் காட்டும் எட்டு ஆக்கங்களில் மூன்று இவர்களுடையவை.

ஆனால் இங்கே ஒரு நுட்பத்தைத் தவறவிடக் கூடாது. நாளேடு முழுவதும் ஒரே கணக்கரிடம் இருந்தால், அவர் பழைய பக்கத்தைத் திருத்திவிட்டு அதற்குப் பின்வரும் எல்லாப் பக்கங்களையும் புதிதாக எழுதி வைத்துவிடலாம். கணினிக்கு அது சில நிமிட வேலை. சங்கிலி தானாக எதையும் தடுப்பதில்லை. பழைய ஹாஷ் எண்ணை அவருடைய கைக்கு எட்டாத இடத்தில் வேறு எவராவது குறித்து வைத்திருந்தால்தான் மோசடி வெளிப்படும். ஹேபரும் ஸ்டோர்னெட்டாவும் இதை உணர்ந்திருந்தார்கள். அவர்களுடைய முறையில் இயங்கிய ‘ஷூரிட்டி’ என்ற நிறுவனம் 1995 முதல், வாரந்தோறும் தன் ஆவணப் பதிவுகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு ஹாஷ் எண்ணை நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் சிறு விளம்பரப் பகுதியில் அச்சிட்டு வந்தது. அச்சாகி வீடு வீடாகப் போய்விட்ட இதழை எந்த நிறுவனத்தாலும் திரும்பப் பெற்றுத் திருத்த முடியாது. பகிர்வுப் பேரேடு எதுவும் இல்லாமல், ஒரே நிறுவனம் வைத்திருந்த பதிவேட்டுக்கு, பல்லாயிரம் சாட்சிகள் இப்படிக் கிடைத்தார்கள்.

அப்படியானால் சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008 அக்டோபரில் வெளிவந்த அந்தப் பிட்காயின் கட்டுரை புதிதாகத் தந்தது என்ன? வாயிற்காப்போன் இல்லாமல், பெயர் தெரியாத எவரும் எப்போது வேண்டுமானாலும் சேரலாம், விலகலாம் என்ற நிலையிலும், பதிவுகளின் வரிசையில் ஒருமிப்பு ஏற்படுத்தும் வழியைத் தந்தது. பெயர் தெரியாதவர்களிடையே ஆளுக்கொரு வாக்கு என்று எண்ண முடியாது; ஒருவரே ஆயிரம் பெயர்களில் வந்து வாக்களிப்பார். ஆகவே வாக்குக்குப் பதிலாகக் கணக்கீட்டு உழைப்பு அளவுகோலாக்கப்பட்டது. கடினமான கணக்கீட்டுப் புதிர் ஒன்றை முதலில் விடுவிப்பவரே அடுத்த தொகுதியைச் சேர்ப்பார். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தொகுதி வருமாறு, 2016 தொகுதிகளுக்கு ஒருமுறை புதிரின் கடினம் தானாகச் சரிசெய்துகொள்ளப்படுகிறது. பழைய தொகுதியைத் திருத்த விரும்புபவர் அதன்பின் உலகம் முழுவதும் செலவிடப்பட்ட மின்சாரத்துக்கும் இயந்திர உழைப்புக்கும் ஈடான உழைப்பைத் தனியே செலவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் சங்கிலியை முந்த வேண்டும். ‘யாராலும் திருத்த முடியாது’ என்ற சொற்கள் முழுப் பொருளோடு நிற்கும் இடம் இதுதான். அங்கும் அவற்றின் பொருள் ‘திருத்துவதற்கு ஆகும் செலவு கட்டுப்படியாகாது’ என்பதே. செலவு குறைவாக இருந்த எத்தீரியம் கிளாசிக் என்ற மற்றொரு மின் நாணயச் சங்கிலி 2019 ஜனவரியிலும் 2020 ஆகஸ்டிலும் தாக்கப்பட்டு அதன் அண்மைப் பதிவுகள் மாற்றி எழுதப்பட்டன. 2016இல் ‘தி டாவோ’ என்ற நிதியத்திலிருந்து சுமார் 36 லட்சம் ஈத்தர் (எத்தீரியம் சங்கிலியின் நாணயம்) களவாடப்பட்டபோது, எத்தீரியம் சமூகத்தின் பெரும்பகுதியினர் கூடிப் பேசி, அந்தத் தொகையைத் திரும்ப எடுப்பதற்காகச் சங்கிலியின் விதியையே மாற்றினார்கள். அதை ஏற்காதவர்கள் பழைய சங்கிலியில் தங்கினார்கள். அந்தப் பழைய சங்கிலிதான் மேலே சொன்ன எத்தீரியம் கிளாசிக். கணிதத்தோடு மனிதர்களின் இசைவும் சேர்ந்தே எந்தப் பேரேட்டையும் தாங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அரசுகளும் வங்கிகளும் அமைப்பவை பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. அவை அனுமதி பெற்றவர்கள் மட்டும் சேரக்கூடிய பேரேடுகள். அவற்றில் பரவலாகப் பயன்படுவது, திறந்தமூல மென்பொருள்களைப் பேணும் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வளர்ந்து 2017 ஜூலையில் 1.0 பதிப்பாக வெளிவந்த ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக். இதில் தொகுதிகள் உண்டு, ஹாஷ் பிணைப்பும் உண்டு, ஆகவே ஐ.எஸ்.ஓ. வரையறைப்படி இதுவும் பிளாக்செயின்தான். ஆனால் பதிவுகளை வரிசைப்படுத்தும் பணி தனியே சில கணினிகளிடம் ஒப்படைக்கப்படுகிறது. அந்தப் பணிக்குப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வரும் ‘ராஃப்ட்’ முறை, ஒரு கணினி பழுதாகி நின்றுபோனால் சமாளிக்கும். ஒரு கணினி தீய நோக்கோடு பொய் சொன்னால் சமாளிக்கும்படி வடிவமைக்கப்பட்டதன்று. பொய்யரையும் தாங்கும் வரிசைப்படுத்தல் 2024இல் வந்த 3.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தால் கட்டுண்ட நிறுவனங்களிடையே ராஃப்ட் போதுமானதாக இருக்கலாம். ஆனால் எல்லாக் கணினிகளும் ஒரே துறையின் ஒரே தரவு மையத்தில், மின்கையொப்பம் இடப் பயன்படும் ரகசியச் சாவிகள் எல்லாம் ஒரே நிர்வாகியின் பொறுப்பில் இருந்தால், பெயரளவில் அது பிளாக்செயினாக இருப்பினும், நடைமுறையில் ஒரே கணக்கர் வைத்திருக்கும் நாளேட்டுக்கும் அதற்கும் வேறுபாடு மிகச் சிறிது. பல கோடி செலவிட்டு அப்படி ஒன்றை அமைப்பதைவிட, நன்கு தணிக்கை செய்யப்படும் சாதாரணத் தரவுத்தளமே மேல் என்பது என் உறுதியான கருத்து.

சங்கிலியே இல்லாத பகிர்வுப் பேரேடுகளும் உண்டு. பல பன்னாட்டு வங்கிகளின் கூட்டமைப்பாகத் தொடங்கிய ‘ஆர்3’, 2016 நவம்பரில் தன் ‘கோர்டா’ மென்பொருளின் மூலநிரலைத் திறந்துவிட்டது. பிட்காயினில் ஒவ்வொரு பரிமாற்றமும் எல்லாக் கணினிகளுக்கும் ஒலிபரப்பப்படுகிறது. இரு வங்கிகளிடையேயான ஒப்பந்தத்தை மூன்றாவது வங்கி ஏன் பார்க்க வேண்டும் என்ற கேள்வியிலிருந்து பிறந்தது கோர்டா. அதில் ஒரு பரிமாற்றம் அதில் தொடர்புடையவர்களிடம் மட்டுமே போகும். ஒரே சொத்து இருமுறை கைமாற்றப்படவில்லை என்பதை ‘நோட்டரி’ எனப்படும் கணினியோ கணினிக் குழுவோ உறுதிசெய்யும். பரிமாற்றங்களைத் தொகுதிகளாகக் கட்டி, அனைவருக்கும் பொதுவான ஒரே சங்கிலியில் கோப்பது அதில் இல்லை. சிங்கப்பூர் நாணய ஆணையம் ‘உபின்’ என்ற திட்டத்தின் இரண்டாம் கட்டமாக, 2017இல், வங்கிகளுக்கிடையேயான பணத் தீர்வு முறையைக் கோர்டா, ஃபேப்ரிக், எத்தீரியத்தை ஒட்டி உருவான குவோரம் ஆகிய மூன்றிலும் தனித்தனியே கட்டிப்பார்த்தது. ஒரே பணி, மூன்றும் ரகசியத்தைக் காத்த விதம் வேறு வேறு. ஃபேப்ரிக்கில் இணை இணையாகத் தனித் தடங்கள். குவோரத்தில் தொகையை வெளிக்காட்டாமலே அது சரியென்று மெய்ப்பிக்கும் கணித முறை. கோர்டாவில் செய்தி பிறருக்குப் போவதே இல்லை. அறிவிப்பு வெளியிடும் முன் இவ்வாறு பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்து, முடிவுகளைப் பொதுவெளியில் வைத்த அந்த முறையை நம் அமைப்புகளும் கைக்கொண்டால் நல்லது.

வரிசையான சங்கிலிக்குப் பதிலாக வலைபோல் கிளைத்துச் செல்லும் வடிவங்களும் இருக்கின்றன. ஒவ்வொரு புதிய பரிமாற்றமும் முந்தைய சிலவற்றுக்குச் சான்று சொல்லும் ‘டாங்கில்’ என்ற அமைப்பை ஐயோட்டா என்ற மின் நாணயத் திட்டம் முன்வைத்தது. ஆனால் நெடுங்காலம் அதன் பாதுகாப்பு, அறக்கட்டளை ஒன்று நடத்திய ‘கோஆர்டினேட்டர்’ என்ற கணினியைச் சார்ந்தே இருந்தது. 2020 பிப்ரவரியில் ஒரு களவை அடுத்து அந்த ஒரு கணினியை நிறுத்தியதும் பேரேடு முழுவதுமே வாரக்கணக்கில் நின்றது. ஹெடேரா என்ற மற்றொரு பேரேடு பயன்படுத்தும் ‘ஹாஷ்கிராஃப்’, கணினிகள் ஒன்றுக்கொன்று செய்தி பரிமாறிக்கொள்வதையே வாக்காகக் கணக்கிடும் அழகிய முறை. அதன் ஒருமிப்புக் கணினிகளை நடத்துபவர்கள் நிர்வாகக் குழுவைச் சேர்ந்த அமைப்புகள்.

பகிர்வே இல்லாத பேரேட்டையும் சிலர் பிளாக்செயின் என்று அழைத்துவிடுகிறார்கள். எஸ்டோனியா நாடே பிளாக்செயினில் இயங்குகிறது என்று அடிக்கடி எழுதப்படுகிறது. அந்நாட்டுத் துறைகளுக்கிடையே தகவல் பரிமாறும் ‘எக்ஸ்-ரோடு’ அமைப்பில் பிளாக்செயின் இல்லை என்று அதைப் பேணும் நிறுவனமே 2018இல் விளக்கம் வெளியிட வேண்டியிருந்தது. அங்குப் பதிவேடுகளின் நேர்மையைக் காக்கும் முறை, ஹேபர், ஸ்டோர்னெட்டா வழியில் வந்த ஹாஷ் மரக் காலமுத்திரையே; ஹாஷ் எண்களை இரண்டிரண்டாக இணைத்துக்கொண்டே போய் உச்சியில் ஒரே எண்ணாக்குவதே ஹாஷ் மரம். நாம் அன்றாடம் வங்கித் தளத்தைத் திறக்கும்போது உலாவியின் பூட்டுக் குறிக்குப் பின்னால் உள்ள சான்றிதழ்களும் இத்தகைய பொதுப் பதிவேடுகளில் பதியப்படுகின்றன. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனம் ஊடுருவப்பட்டுப் போலிச் சான்றிதழ்கள் வெளிவந்த அனுபவத்துக்குப் பின் 2013இல் இந்த முறை வகுக்கப்பட்டது. 2018 ஏப்ரல் 30க்குப் பின் வழங்கப்படும் பொதுச் சான்றிதழ்கள் அனைத்துக்கும் குரோம் உலாவி இதைக் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு பதிவேட்டையும் ஒரே நிறுவனம்தான் நடத்துகிறது. ஆனால் அதை எவர் வேண்டுமானாலும் வெளியிலிருந்து சரிபார்க்கலாம். பிட்காயின் போன்ற மின் நாணயம் இல்லை, ஒருமிப்பு முறையும் இல்லை. இருந்தும் உலக இணையம் முழுவதற்கும் நம்பிக்கை தருகிறது.

நம் நாட்டில் பொதுமக்கள் அறியாமலே நாள்தோறும் தொட்டுச் செல்லும் பகிர்வுப் பேரேடு ஒன்று உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பள்ளியோ, கூட்டுறவுச் சங்கமோ, சிறு கடையோ வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப விரும்பினால் ‘டி.எல்.டி. ரெஜிஸ்ட்ரேஷன்’ (டி.எல்.டி. என்பது பகிர்வுப் பேரேட்டுத் தொழில்நுட்பத்தின் ஆங்கிலச் சுருக்கம்) முடித்தாக வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018 ஜூலையில் வெளியிட்ட வணிகத் தகவல் தொடர்பு விதிமுறைகளிலிருந்து வந்தது இது. அனுப்புநர் யார், அவருடைய ‘ஹெட்டர்’ (அனுப்புநராகத் தோன்றும் குறியீடு) எது, செய்தியின் ‘டெம்ப்ளேட்’ (வாசக அமைப்பு) எது என்பவையெல்லாம் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் பேரேட்டில் பதியப்பட்டு, ஒவ்வொரு செய்தியும் அதனோடு ஒப்பிடப்பட்ட பிறகே நம் கைப்பேசிக்கு வருகிறது. போட்டி நிறுவனங்கள், ஒருவர் பதிவை மற்றவர் ஏற்க வேண்டிய கட்டாயம், மேலே ஓர் ஒழுங்குமுறை அமைப்பு என்று பகிர்வுப் பேரேட்டுக்கு உண்மையிலேயே பொருந்தும் களம் இது. அதே நேரத்தில் இதில் எவரும் சேர முடியாது. குறிப்பிட்ட ஹெட்டர் எந்த நிறுவனத்துக்கு உரியது என்று தேடிப் பார்க்க ஆணையம் வழி செய்திருந்தாலும், பேரேட்டை முழுவதுமாகப் பொதுமக்கள் சரிபார்க்க இயலாது. 2021 மார்ச் 8 அன்று டெம்ப்ளேட் ஒப்பீடு முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, பதிவோடு ஒத்துப்போகாத செய்திகள் தடுக்கப்பட்டு, வங்கிகளின் ஒருமுறைக் கடவுச்சொற்கள் கூட வாடிக்கையாளர்களைச் சென்றடையவில்லை. மறுநாளே ஆணையம் அதை ஏழு நாள்களுக்கு நிறுத்தி வைத்தது. பேரேடு அன்று தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதில் பதிய வேண்டியதைப் பலர் பதியாமல் விட்டிருந்ததே சிக்கல். தனிநபர் எண்கள் போலத் தோன்றும் பத்திலக்க எண்களிலிருந்து வரும் தொல்லை அழைப்புகள் இந்தப் பேரேட்டின் வழியே வராதவை என்பதால், அவற்றை அது தடுக்கும் என்று எதிர்பார்ப்பதும் பொருத்தமன்று.

பொருந்தாத களத்தில் புகுத்தினால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியப் பங்குச் சந்தை காட்டியது. பங்குப் பரிவர்த்தனைகளைத் தீர்த்துவைக்கும் தன் ‘செஸ்’ அமைப்பைப் பகிர்வுப் பேரேட்டுக்கு மாற்றுவதாக அது 2017 டிசம்பரில் அறிவித்து, 2022 நவம்பரில் கைவிட்டது. சுமார் 25 கோடி ஆஸ்திரேலிய டாலர் நட்டக் கணக்கில் எழுதப்பட்டது. ஏற்கெனவே சட்டப்படி ஒரே நடுவர் இருந்த இடம் அது. நடுவரே நடத்தும் பகிர்வுப் பேரேட்டில் பகிர்வால் கிடைக்கும் நன்மை குறைவு, சிக்கலோ மிகுதி. மார்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து ஃபேப்ரிக்கின் மேல் கட்டிய ‘டிரேட்லென்ஸ்’ தளம் மூடப்படுவதாக அதே மாதத்தில் அறிவிப்பு வந்தது. உலகளாவிய தொழில்துறையின் முழு ஒத்துழைப்பைப் பெற முடியவில்லை என்று அவர்களே காரணம் சொன்னார்கள்.

இனி நிலப் பதிவுக்கு வருகிறேன். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் கீழ் சார்பதிவாளர் பதிவது ஆவணத்தைத்தான். விற்பவர் உண்மையான உரிமையாளர் என்பதற்கு அப்பதிவு உத்தரவாதம் ஆகாது. உச்ச நீதிமன்றமும் தொடக்கத்தில் குறிப்பிட்ட தீர்ப்பில் பதிவுக்கும் உரிமைக்கும் உள்ள இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டியிருக்கிறது. நம் ஊர்களில் நிலத் தகராறுகள் பலவும் ஆள்மாறாட்டம், போலி வாரிசுச் சான்று, போலி அதிகாரப் பத்திரம், மறைக்கப்பட்ட பாகப்பிரிவினை, தவறாக அளக்கப்பட்ட உட்பிரிவு ஆகியவற்றால் எழுபவை. இவை எல்லாம் பதிவு நடக்கும் முன்பே அல்லது நடக்கும் அந்த வேளையிலேயே நிகழ்ந்துவிடுகின்றன. பொய்யான கிரயப் பத்திரம் ஒன்று பிளாக்செயினில் ஏறினால், அந்தப் பொய்யும் அதே உறுதியோடு பாதுகாக்கப்படும். நீதிமன்றம் பத்திரத்தை ரத்து செய்தால் பழைய பதிவை அழிக்காமல் புதிய பதிவாகச் சேர்க்க வேண்டும். வில்லங்கப் பதிவில் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதால் அதில் இடர்ப்பாடு இல்லை.

ஆனால் பதிவுக்குப் பின் நிகழும் ஒரு தீங்கு உண்டு. பதிவேட்டிலோ கணினியிலோ உள்ளிருப்பவர் ஒருவர் பழைய பதிவை நுழைத்தோ திருத்தியோ வைப்பது அது. அதைக் கண்டுபிடிப்பதில்தான் இந்தத் தொழில்நுட்பங்கள் உண்மையாக உதவும். பத்திரம் பதிவுத் துறையிடம், பட்டா வருவாய்த் துறையிடம், அளவை வரைபடம் நில அளவைத் துறையிடம், தடையாணை நீதிமன்றத்திடம், அடமானம் வங்கியிடம் என்று ஒரே நிலத்தின் செய்திகள் ஐந்து கைகளில் இருக்கின்றன. இவர்கள் ஐவரும் தத்தம் கணினியில், தத்தம் சாவியோடு, ஒரே பேரேட்டின் படியை வைத்திருந்தால் அது பகிர்வுப் பேரேடு என்ற பெயருக்குத் தகுதியுடையதாகும். பதிவுத் துறை மட்டுமே எல்லாப் படிகளையும் வைத்திருந்தால் ஆகாது. ஜார்ஜியா நாட்டில் 2016இல் தொடங்கிய முயற்சியில், நில ஆவணங்களை அரசே வைத்துக்கொண்டு அவற்றின் ஹாஷ் எண்களை மட்டும் பிட்காயின் சங்கிலியில் பொறித்தார்கள். உரிமையாளர்களின் தனிப்பட்ட விவரம் எதுவும் வெளியே போகாமல், பின்தேதித் திருத்தத்துக்கு மட்டும் வெளிச்சாட்சி உண்டாயிற்று.

எனவே தங்கள் நாளிதழுக்கும் துறையினருக்கும் என் வேண்டுகோள்கள் இவை. பிளாக்செயின் திட்டம் ஒன்று அறிவிக்கப்படும்போது, பேரேட்டின் படிகள் எந்தெந்த நிறுவனங்களிடம் இருக்கும், அடுத்த பதிவு எது என்று முடிவு செய்யும் கணினிகளை யார் நடத்துவார், வெளியே இருக்கும் குடிமகன் எதைக் கொண்டு அதைச் சரிபார்க்கலாம் என்ற மூன்றையும் தங்கள் செய்தியாளர்கள் அதிகாரிகளிடம் கேட்டு, கிடைத்த விடையை அப்படியே வெளியிட வேண்டும். விடை கிடைக்காவிட்டால் அதுவும் செய்தியே. பதிவுத் துறைக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இன்னும் எளியது. அதற்குப் புதிய கட்டமைப்பு எதுவும் உருவாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வாரமும் மாநிலம் முழுவதும் பதிவான ஆவணங்களின் ஹாஷ்களை மர வடிவில் இணைத்து, அதன் உச்சியில் வரும் ஒற்றை எண்ணைத் தமிழ் நாளிதழ்களில் விளம்பரமாக வெளியிடலாம். 64 எழுத்துகள்தான், ஒரு வரி விளம்பரத்தில் அடங்கும். பத்து லட்சம் ஆவணங்கள் சேர்ந்த மரமாக இருந்தாலும், தன் பத்திரம் அன்று இருந்தபடியே இன்றும் இருக்கிறதா என்பதை, பத்திரத்தோடு துறை தரும் இருபது ஹாஷ் எண்களைக் கொண்டு ஒருவர் தன் வீட்டுக் கணினியிலேயே சரிபார்த்துக்கொள்ள முடியும். அதற்கான நிரல் பொதுவெளியில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். கிராமப்புறத்தாருக்கு இ-சேவை மையங்களில் அதைச் செய்து தர வேண்டும். அந்த வாராந்திர எண்ணை அரசு விளம்பரக் கட்டணத்தை எதிர்பார்க்காமல் வெளியிடத் தங்களைப் போன்ற நாளிதழ்கள் முன்வந்தால், துறையிடம் இதை வலியுறுத்துவது எங்களைப் போன்றவர்களுக்கு எளிதாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற வங்கித் தகவல் தொழில்நுட்ப அலுவலர்,
திருச்சிராப்பள்ளி.